மண் படாத முதுகு: மல்லர் காமாவின் வாழ்வும் வழக்கும்

முன்னுரை

நம் வந்தவாசியிலிருந்து கிழக்கே கடற்கரையை நோக்கிச் சென்றால் மாமல்லபுரம். அவ்வூருக்குப் பெயர் தந்த பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் எனச் சிறப்பிக்கப்பட்டான். மாமல்லன் என்றால் பெரிய மல்லன், மற்போரில் வல்லவன் என்பது பொருள். வாதாபியை வென்ற மன்னனுக்கும் மல்லன் என்ற பெயர் ஓர் அணிகலனாக இருந்தது என்றால், நம் முன்னோர் மற்போரை எத்துணை உயர்வாக எண்ணினர் என்பது விளங்கும்.

அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு, சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்தினான். அதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அப்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. மகனிடம் மனம் கனிந்தாலும் சரி, கனியாவிட்டாலும் சரி, தந்தை தித்தன் இக்காட்சியைக் கண்டிருக்க வேண்டும் என்று புலவர் விரும்புகிறார். தந்தைக்கும் மகனுக்கும் பகை என்பர் உரைகாரர். வென்றவனைச் சூழ்ந்து நின்று ஆர்ப்பரிக்க நண்பர்கள் எப்போதும் கிடைப்பார்கள். மெச்ச மனமில்லாத ஒருவரும் கண்டு ஒப்புக்கொண்டால்தான் அவ்வெற்றிக்கு மதிப்பு. மல்லரை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது.

இக்காலத்தில் மல்யுத்தம் என்றவுடன் நம் நண்பர்களின் நினைவுக்கு வருவது தொலைக்காட்சிதான். விடுதி அறையிலும் தேநீர்க் கடையிலும் ஒரு வாதம் ஓயாமல் நடக்கிறது. தகுதிக்கு மேல் புகழப்பட்ட மல்லர் யார்? உடம்பை மட்டும் வளர்த்து வித்தை கற்காதவர் யார்? ஒவ்வொருவரும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். நம் பாட்டனார் காலத்தில் இதே வாதம் தாராசிங்கையும் கிங்காங்கையும் வைத்து நடந்தது. அவர்களுக்கும் முன்னே, உலகிலேயே பெரியவர் என்று போற்றப்பட்டும், அப்போற்றுதல் மிகை என்று ஐயுறப்பட்டும் வந்த இந்தியர் ஒருவர் இருந்தார். அவரே காமா பயில்வான்.

காமாவைப் பற்றி எழுதியோர் பலர். அவருள் பெரும்பாலோர் காமாசோமாவென்றே எழுதிவிட்டனர். கேட்டதையெல்லாம் கூட்டிச் சொல்லி அவரை அரக்கராக்கிவிட்டனர். அவரது வாழ்வைச் சொல்லி, அவர் மீது தொடுக்கப்பட்ட வழக்கையும் தித்தனின் கண்கொண்டு விசாரிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் பயிற்சியும்

காமாவின் இயற்பெயர் குலாம் முகமது பக்ஷ். பஞ்சாபில் குடியேறிய காசுமீர மரபைச் சேர்ந்த மல்லர் குடும்பம் அவருடையது. 1878 மே 22 அவர் பிறந்த நாள் என்பர். வேறு ஆண்டுகளைச் சொல்வாரும் உண்டு. தந்தை அசீஸ் பக்ஷும் மல்லரே. தந்தை இறந்தபோது காமா சின்னஞ்சிறுவர். தாய்வழிப் பாட்டனாரும் மாமன் ஈடா பயில்வானும் அவரை எடுத்து வளர்த்துக் கோதாவில் இறக்கினர். இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள ததியா சமஸ்தானத்தின் அரசர் பின்னர் அவரை ஆதரித்தார்.

அக்காலத்தில் மல்லர்களுக்குச் சோறு போட்டவர்கள் சமஸ்தான மன்னர்கள். ததியா, பாட்டியாலா, பரோடா, ஜோத்பூர் முதலிய அரண்மனைகளில் யானை, குதிரை, இசைவாணர் ஆகியோருடன் மல்லர்களும் பேணப்பட்டனர். பாலும் நெய்யும் வாதுமையும் இறைச்சியும் அன்றாடம் வேண்டும் ஒரு மல்லனைத் தனிக்குடும்பம் ஒன்று காப்பாற்ற இயலாது. அரசரின் பெருமை அவரது மல்லரின் முதுகில் இருந்தது. அம்முதுகு மண்ணில் பட்டால் அரசரின் பெயரிலும் மண் ஒட்டும்.

1888-ஆம் ஆண்டு ஜோத்பூர் அரசர் ஒரு போட்டி வைத்தார். நானூறுக்கும் மேற்பட்ட மல்லர் கூடி உட்கார்ந்து எழும் பைட்டக் பயிற்சியைச் செய்ய வேண்டும். சோர்ந்தவர் விலக வேண்டும். கடைசிவரை தாக்குப்பிடித்த பதினைந்து பேருள் பத்து வயதுச் சிறுவன் காமாவும் ஒருவன். வயதைக் கருதி அரசர் அச்சிறுவனையே வெற்றியாளனாக அறிவித்தார். காமாவின் புகழ் அன்று தொடங்கிற்று.

அவர் நாள்தோறும் 5,000 பைட்டக்கும் 3,000 தண்டாலும் எடுத்தார் என்பது வழிவழிச் செய்தி. இதைக் கேட்டு வியப்போரும் உண்டு, சிரிப்போரும் உண்டு. நாம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பைட்டக்குக்கு இரண்டு விநாடி என்றால் 5,000-க்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி. ஒரு தண்டாலுக்கு மூன்று விநாடி என்றால் 3,000-க்கு இரண்டரை மணி. வேறு தொழில் இல்லாத ஒருவர் விடியலிலும் மாலையிலும் பகிர்ந்து செய்தால் முடியக்கூடியதே. எனவே இச்செய்தியை நம்ப இடமுண்டு.

ஆனால் பரோடா அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. 1902-இல் காமா அக்கல்லைத் தூக்கினார் என்றும், அதன் எடை 1,200 கிலோ என்றும் சொல்லப்படுகிறது. 2021-இல் ஜார்ஜிய நாட்டின் பளுதூக்கும் வீரர் லாஷா தலாகாட்ஸே இரு கைகளால் தலைக்கு மேல் உயர்த்தி உலகச் சாதனை படைத்த எடை 267 கிலோ. நெஞ்சளவுக்குத் தூக்குவது அதைவிட எளிதுதான். என்றாலும் நான்கு மடங்குக்கும் மேலான எடையை மனித முதுகெலும்பு தாங்குமா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. உருட்டியிருக்கலாம், ஒருபக்கம் நிமிர்த்தியிருக்கலாம். தூக்கினார் என்பதை ஏற்பதற்கில்லை. காமாவின் வழக்கில் அவருக்கு எதிராக நிற்கும் முதல் சாட்சி அவரைப் புகழ வைக்கப்பட்ட இக்கல்லே!

சுல்தானிவாலா

இந்தியாவின் தலைசிறந்த மல்லருக்கு ருஸ்தம்-ஏ-ஹிந்த் என்ற பட்டம் உண்டு. பாரசீகக் காவியத்தின் வீரனான ருஸ்தமின் பெயரால் அமைந்த பட்டம் அது. காமா இளைஞராக இருந்தபோது அப்பட்டத்தைத் தாங்கியவர் ரகீம் பக்ஷ் சுல்தானிவாலா. ஏறத்தாழ ஏழடி உயரம். காமாவோ ஐந்தடி ஏழு அங்குலம் அளவில் நின்றவர். 1895-இல் இளைஞர் காமா அந்த மலையோடு மோதினார். கண்டோர் நகைத்திருக்கக்கூடும். மணிக்கணக்கில் நடந்த அப்போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 1910-க்குள் வட இந்தியாவின் பெயர்பெற்ற மல்லர் பலரைக் காமா வீழ்த்திவிட்டார். சுல்தானிவாலா ஒருவர் மட்டும் எஞ்சி நின்றார்.

இலண்டனில் காமா

1910-இல் பெஞ்சமின் என்ற ஏற்பாட்டாளர் இந்திய மல்லர் சிலரை இலண்டனுக்கு அழைத்துச் சென்றார். வங்கத்துச் செல்வர் ஒருவர் பொருளுதவி செய்தார். வங்கப் பிரிவினையை எதிர்த்துச் சுதேசி இயக்கம் கிளர்ந்த ஆண்டுகள் அவை. வெள்ளையர் ஊரிலேயே வெள்ளையரை வீழ்த்த ஓர் இந்தியர் போகிறார் என்பது அக்காலத்தவர்க்கு விளையாட்டுச் செய்தியாக மட்டும் இருந்திருக்க முடியாது. அவ்வாண்டு ஜூலை 4-இல்தான் அமெரிக்காவின் ரீனோ நகரில் கறுப்பின வீரர் ஜாக் ஜான்சன், வெள்ளையரின் நம்பிக்கையான ஜெப்ரிசைக் குத்துச்சண்டையில் வீழ்த்தினார். அதைப் பொறாமல் அந்நாட்டின் பல ஊர்களில் கலவரம் மூண்டது. ஒரு கோதாவில் விழும் முதுகு ஓர் இனத்தின் முதுகாகக் கருதப்பட்ட காலம் அது.

காமாவுடன் தம்பி இமாம் பக்ஷும் சென்றார். குள்ளமான காமாவை இலண்டனில் எவரும் பொருட்படுத்தவில்லை. எனவே அவர் ஓர் அறைகூவல் விடுத்தார். எந்த எடையினராயினும் மூன்று மல்லரை முப்பது நிமிடத்துக்குள் வீழ்த்துவதாகச் சொன்னார். முதலில் இது வெறும் விளம்பரம் என்றே கருதப்பட்டது. பிறகு அமெரிக்க மருத்துவரும் மல்லருமான பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். முதல் வீழ்ச்சி 1 நிமிடம் 40 விநாடியில், இரண்டாவது 9 நிமிடம் 10 விநாடியில். தம்பி இமாம் பக்ஷ் சுவிட்சர்லாந்தின் ஜான் லெம்மைச் சில நிமிடங்களுக்குள் இருமுறை மல்லாத்தினார். இலண்டன் விழித்துக்கொண்டது.

அடுத்து வந்தவர் போலந்து நாட்டின் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோ. எடையில் காமாவைவிட மிகவும் கூடியவர். தேர்ந்த வித்தைக்காரர். 1910 செப்டம்பர் 10, சனிக்கிழமை. 1908 ஒலிம்பிக் போட்டிகள் நடந்த செப்பர்ட்ஸ் புஷ் திடல். ஜான் புல் வார் என்னும் வெற்றிக் கச்சையும் 250 பவுன் பணமும் பரிசு.

மற்போர் விதியை இங்கே நினைவுகொள்ள வேண்டும். எதிரியின் இரு தோள்களும் தரையில் பட வேண்டும். முகம் குப்புற வீழ்ந்தால் அது தோல்வியாகாது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நாம் கேலியாகச் சொல்கிறோம். ஸ்பிஷ்கோ அதையே ஓர் உபாயமாகக் கொண்டார். தொடக்கத்திலேயே காமா அவரைக் கீழே கொணர்ந்தார். உடனே ஸ்பிஷ்கோ குப்புறக் கவிழ்ந்து கைகால்களை ஊன்றி, மெத்தைப் பாயோடு பாயாக ஒட்டிக்கொண்டார். நம் ஊர்க் கோரைப் பாயாக இருந்தால் சுருட்டியாவது எடுத்திருக்கலாம்! ஆமையைப் புரட்ட முயல்வதுபோல் காமா முயன்றார். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் ஆட்டம் இவ்வாறே நடந்தது. பார்த்தவர்கள் சலித்தனர். முடிவின்றி ஆட்டம் அடுத்த சனிக்கிழமைக்கு ஒத்திவைக்கப்பட்டது.

செப்டம்பர் 17-இல் காமா வந்தார். ஸ்பிஷ்கோ வரவில்லை. ஜான் புல் வார் காமாவுக்கு வழங்கப்பட்டது. ருஸ்தம்-ஏ-ஜமானா, அதாவது உலகின் ருஸ்தம், என்று இந்தியர் அவரைக் கொண்டாடினர்.

அக்காலத்தில் உலக வீரராக மதிக்கப்பட்டவர் அமெரிக்கரான பிராங்க் காட்ச். அவருக்கு அடுத்தவர் ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட். இருவருக்கும் காமாவின் அழைப்பு சென்றது. இருவரும் அவருடன் மோதவில்லை. தாயகம் திரும்பிய காமா அலகாபாத்தில் சுல்தானிவாலாவை மீண்டும் சந்தித்தார். நெடுநேரப் போருக்குப் பின் சுல்தானிவாலா காயமுற்று விலக, ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம் காமாவிடம் வந்தது.

வித்தை இல்லாத வீரர் ஒருவர்

இங்கே காமாவைச் சற்று நிறுத்திவிட்டு அமெரிக்காவுக்குச் சென்று வர வேண்டும். அவரது வழக்குக்கு வேண்டிய முக்கியமான சான்று அங்கே இருக்கிறது.

முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் தொழில்முறை மற்போர் மெல்ல மெல்ல நாடகமாயிற்று. மெய்யான மற்போரில் இரு வல்லவர் மணிக்கணக்கில் பிணைந்து கிடப்பர். காசு கொடுத்தவன் கொட்டாவி விடுவான். செப்பர்ட்ஸ் புஷ்ஷில் நடந்ததும் அதுதானே? எனவே ஏற்பாட்டாளர்கள் யார் வெல்ல வேண்டும், எப்போது வெல்ல வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தனர். வித்தையின் இடத்தைத் தோற்றம் பிடித்தது.

அவ்வாறு படைக்கப்பட்டவர் வேய்ன் மன். ஆறரை அடி உயரம். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆடியவர். அமெரிக்கக் கால்பந்து என்பது பந்தைக் கையில் ஏந்தி முட்டிமோதும் ஆட்டம். மற்போர் அவருக்குத் தெரியாது என்றே சொல்லலாம். எனினும் 1925 ஜனவரியில், உண்மையிலேயே பெரிய மல்லரான எட் லூயிஸ், கன்சாஸ் நகரில் அவரிடம் தோற்பதற்கு இசைந்தார். மன் உலக வீரரானார். தகுதிக்கு மேல் உயர்த்தப்பட்ட மல்லர்களின் பட்டியலில், வல்லுநர் பலர் முதலிடத்துக்கு அருகில் வைக்கும் பெயர் அவருடையது.

அப்பொய்யைக் கலைத்தவர் யார் தெரியுமா? குப்புறப் படுத்த அதே ஸ்பிஷ்கோதான்! 1925 ஏப்ரலில் பிலடெல்பியாவில் மன்னிடம் தோற்கும்படி ஸ்பிஷ்கோவிடம் சொல்லியிருந்தனர். கோதாவில் இறங்கியதும் அவர் உடன்பாட்டை மீறி மெய்யாகவே மற்போர் செய்தார். மன்னின் தோள்கள் மீண்டும் மீண்டும் தரையில் பட்டன. ஊரறியப் பட்டம் கைமாறிற்று. ஆரணிப் பட்டின் சரிகை அசலா போலியா என்பது உரைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மன் போலி என்பதைக் காட்டிய உரைகல் ஸ்பிஷ்கோ. அப்போது அவருக்கு நாற்பத்தைந்துக்கும் மேற்பட்ட வயது.

ஸ்பிஷ்கோ உடன்பாட்டை மீறியது சரியா என்பது வேறு வழக்கு. நமக்கு வேண்டியது ஒன்றே. நாடகம் நடந்த ஒரு மேடையில் மெய்யாக மற்போர் செய்யவும் தெரிந்தவர் அவர் என்பதில் ஐயமில்லை. அந்த உரைகல்லே மீண்டும் காமாவிடம் வந்தது.

பாட்டியாலா, 1928

1928 ஜனவரியில் பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங் ஸ்பிஷ்கோவை அழைத்தார். பதினேழு ஆண்டுகளாகத் தீராதிருந்த கணக்கைத் தீர்க்க வேண்டும். பல்லாயிரவர் கூடினர். இம்முறை ஐரோப்பியர் பாய் இல்லை. எண்ணெயும் மஞ்சளும் கலந்து பதப்படுத்தும் இந்தியக் கோதாவின் மண். இருவருக்கும் வயது ஐம்பதை ஒட்டியிருந்தது.

கைகலந்த ஒரு நிமிடத்துக்குள் ஸ்பிஷ்கோவின் முதுகு மண்ணில் இருந்தது. குப்புறக் கவிழ அவருக்கு நேரமே கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஜெஸ்ஸி பீட்டர்சன் என்ற மேலைநாட்டு மல்லரும் காமாவிடம் சுமார் ஒன்றரை நிமிடத்தில் தோற்றார். அதன்பின் காமாவுடன் மோத எவரும் முன்வரவில்லை என்றே சொல்லலாம். மோத ஆளில்லாத வீரராக அவர் முதுமையை எய்தினார்.

வழக்கு

இனி அவர் மீதான குற்றச்சாட்டுகளைப் பார்ப்போம்.

முதலாவது, காமா தம் காலத்தின் மிகச் சிறந்தவர்களோடு மோதவில்லை. காட்ச், ஹாக்கன்ஷ்மிட் இருவரையும் வெல்லாதவரை உலகின் ருஸ்தம் எனலாமா? இது வலுவான கேள்வி. அத்துடன் இன்னொன்றும் உண்டு. 1910 ஜூன் 1-ஆம் நாள் சிகாகோவில் இதே ஸ்பிஷ்கோவை காட்ச் இருமுறை வீழ்த்தினார். முதல் முறை ஆறே விநாடியில். கைகுலுக்க வந்தவரைப் பாய்ந்து வீழ்த்தினார் என்ற மனக்குறை அதில் உண்டு. இரண்டாவது சுமார் அரைமணியில். மூன்று மாதம் கழித்து அதே ஸ்பிஷ்கோவைக் காமாவால் இரண்டரை மணியில் புரட்ட முடியவில்லை. இதை மறைத்துவிட்டுக் காமாவைப் புகழ்வது நேர்மையாகாது. காட்சும் காமாவும் மோதியிருந்தால் காமாவே வென்றிருப்பார் என்று சத்தியம் செய்ய எவராலும் இயலாது.

ஆனால் தித்தன் நடுநிலையானவனாக இருந்தால் மற்றொன்றையும் கேட்பான். வராதவர் யார்? கடல் கடந்து, பழக்கமில்லாத பாயில், பழக்கமில்லாத விதியில் மோதச் சென்றவர் காமா. கூப்பிட்ட குரலுக்கு மறுமொழி சொல்லாதவர்கள் மற்றவர்கள். வராதவர்களைத் தோற்கடித்ததாகக் காமா எழுதிக்கொள்ள முடியாது. அதுபோலவே வராதவர்களும் காமாவைக் குறைத்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது, 1928-இல் தோற்றவர் கிழவர். உண்மைதான். வென்றவரும் கிழவரே. மேலும் அந்தக் கிழவர் மூன்றாண்டுக்கு முன்தான் உலகப் பட்டத்தை மெய்யான மற்போரால் பறித்தவர். மண்தரை ஸ்பிஷ்கோவுக்குப் புதிது என்பர். அதுவும் உண்மை. அப்படியானால் 1910-இல் பாய் காமாவுக்குப் புதிது அன்றோ? ஸ்பிஷ்கோவின் பாயில் காமா இரண்டரை மணி நேரம் மேலே இருந்தார். காமாவின் மண்ணில் ஸ்பிஷ்கோவால் ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. இரு ஆட்டங்களையும் சேர்த்து வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, ஐம்பது ஆண்டில் 5,000 போர்கள், ஒன்றிலும் தோல்வியில்லை என்பது. ஆண்டுக்கு 100, வாரத்துக்கு இரண்டு! காயம், நோய், பயணம், திருவிழா எதற்கும் இடமின்றி அரை நூற்றாண்டு மோதிக்கொண்டே இருந்திருக்க வேண்டும். இதை நம்புவதற்கில்லை. கல்லின் எடையைக் கூட்டியவர்களே இக்கணக்கையும் கூட்டினர். அவரைத் தோற்கடித்ததாக உறுதியான பதிவு எவருக்கும் இல்லை என்பது வேறு. அது போதுமே!

இவ்வாறு கூட்டிச் சொன்னதால் காமாவுக்கு நன்மை விளையவில்லை. 1,200 கிலோவை நம்பாதவன், ஸ்பிஷ்கோவின் முதுகையும் நம்ப மறுக்கிறான். பொய்யான சாட்சி ஒருவன் கூண்டேறினால் மெய்யான சாட்சியும் கெடுகிறான். இமாம் பக்ஷின் மக்களான போலு சகோதரர்கள், தோல்வி அறியாக் குடும்பம் என்ற சுமையைத் தோளில் சுமந்தனர். 1976 டிசம்பரில் கராச்சியில் அவருள் ஒருவரான அக்ரம், ஜப்பானியர் அந்தோனியோ இனோக்கியிடம் கை பழுதுபட்டுத் தோற்றார். பெரியப்பாவின் புகழை மெய்ப்பிக்க மகன் கையைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அடிமை நாட்டில் வாழ்ந்தோர் தம்முள் ஒருவரை மிகையாகப் புகழ்ந்ததைக் குற்றமென்று சொல்ல மனம் வரவில்லை. வெல்வதற்கு வேறு களம் இல்லாதவர்க்குக் கோதாவே களமாக இருந்தது. எனினும் நாடு விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. நமக்கு இனி அந்த ஊன்றுகோல் வேண்டாம்.

இறுதி நாட்கள்

1947-இல் நாடு இரண்டானது. காமா லாகூரில் தங்கினார். மோகினி சாலையில் அவர் வாழ்ந்தபோது, கலவரக் கும்பல் இந்துக்களின் வீடுகளை நோக்கி வந்தது. காமா தம் மல்லர்களுடன் தெருவின் குறுக்கே நின்று கும்பலைத் திருப்பியனுப்பினார். பின்னர் அக்குடும்பங்களுக்கு உணவளித்து எல்லைவரை அனுப்பிவைத்தார் என்று பலரும் எழுதியிருக்கின்றனர். இதையும் கதை என்று சிலர் தள்ளலாம். எனினும் அவரைப் பற்றிய கதைகளுள், அவர் தூக்கிய எடையையோ வீழ்த்திய தொகையையோ எவரும் கூட்டிச் சொல்லாத கதை இது. மதம் பார்க்காமல் சோறு போட்ட சமஸ்தானங்களில் வளர்ந்த ஒருவர், இந்து மன்னர்க்காகவும் சீக்கிய மன்னர்க்காகவும் முதுகைக் காத்த ஒருவர், அப்படி நின்றிருப்பார் என்பதை நம்புவது கடினமன்று.

பிரிவினையால் அவருக்கு நேர்ந்த இழப்பு பெரிது. ஆதரித்த அரண்மனைகள் எல்லைக்கு அப்பால் போய்விட்டன. சில ஆண்டுகளில் சமஸ்தானங்களே இல்லாமற் போயின. மல்லரைப் பேணும் மரபும் அவற்றோடு போயிற்று. நோயும் வறுமையும் சேர்ந்து வந்தன. ஆண்மக்களையும் அவர் இழந்திருந்தார். பாகிஸ்தான் அரசு உதவிற்று. எல்லைக்கு இப்பாலிருந்து தொழிலதிபர் ஜி. டி. பிர்லாவும் உதவித்தொகை அனுப்பினார். 1960 மே 23-இல் லாகூரில் காமா காலமானார். பிறந்த நாள் என்று சொல்லப்படும் தேதிக்கு மறுநாள்.

அவர் பைட்டக் எடுக்கும்போது கழுத்தில் மாட்டிக்கொண்ட கல்வளையம் ஒன்று பாட்டியாலா விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் எடை 95 கிலோ. பரோடாக் கல்லைப் போல் அது எவரையும் மலைக்க வைக்காது. மனிதன் தாங்கக்கூடிய எடை. ஆனால் ஒரு மனிதனைத் தவிர மற்றவர் தாங்கத் தயங்கும் எடை. காமாவின் நினைவுச் சின்னம் எது என்று கேட்டால், இவ்விரு கற்களுள் பாட்டியாலாக் கல்லையே சுட்டுவேன்.

முடிவுரை

தகுதிக்கு மேல் புகழப்பட்டவரா காமா? புகழ்ந்தவர்கள் சொன்ன காமா அப்படிப்பட்டவரே. 1,200 கிலோவைத் தூக்கிய, 5,000 பேரை வென்ற, உலகில் ஒப்பாரற்ற அந்தக் காமா வாழ்ந்ததில்லை. வாழ்ந்த காமா ஐந்தடி ஏழு அங்குல உயரமுள்ள உழைப்பாளி. ஏழடி மனிதரிடம் இளமையில் தோற்காதவர். ரோலரை இருமுறை வீழ்த்தியவர். ஸ்பிஷ்கோவை ஒருமுறை புரட்ட முடியாமல் தவித்து, பதினேழு ஆண்டு காத்திருந்து மறுமுறை புரட்டியவர். உடன்பாட்டால் பட்டம் பெற்ற மன்னைக் கண்ணிமைப்பில் தோலுரித்த ஒருவரே காமாவின் முன் நிற்க முடியவில்லை. இவ்வளவும் தித்தனே கண்டாலும் ஒப்புக்கொள்ளக்கூடியவை.

ஆகவே நண்பர்களே, விடுதி அறைகளில் நம் வாதம் தொடரட்டும். யார் பெரியவர், யார் வெறும் உடம்பு என்று பட்டியலிடுவதில் தவறில்லை. ஒரு மல்லரைப் பெரியவர் என்று சொல்லும்முன் அவர் யாரை வென்றார், எந்தத் தரையில் வென்றார், யார் வர மறுத்தனர் என்று மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். மல்லர்க்கு மட்டுமன்று, பெரியவர் என்று நமக்குச் சொல்லித்தரப்படும் எவர்க்கும் இக்கேள்விகள் பொருந்தும். அவற்றுக்கு விடை சொல்லக்கூடிய வாழ்வு காமாவுடையது. வாழ்க அவர் புகழ், உள்ள அளவில்!